ஐப்பசி மழைக்கு முன் வீட்டின் வெளிப்புறம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், போன மழையில் எந்தச் சுவர் நனைந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. எந்த நிறம் என்பது மட்டும் முடிவாகியிருக்கும்.

எங்கள் வீடு தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அப்பா 1998-ல் கட்டியது. சில வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசியில், பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெளிச்சுவர் முழுக்கப் புதிதாக அடித்தோம். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு வடக்குப் பக்கம் அகல் வைக்கப் போனபோது பார்த்தால், சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள். ஒன்றை விரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளே இருந்த தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. பெயிண்டில் குற்றமில்லை. மாடியிலிருந்து சுவருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது; வெளியேற வழி இருந்த சுவரை நாங்கள் ரப்பர் மாதிரி ஒரு பெயிண்டால் மூடிவிட்டோம்.

அதற்குப் பிறகு இந்த வேலையை வரிசை மாறாமல் செய்து வருகிறேன். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கடலோரத்தில் கான்கிரீட் தளமும் செங்கல் சுவருமாக நிற்கும் தனி வீடுகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: மழை பெய்யும்போதே சுற்றிப் பாருங்கள்

திட்டம் போட வேண்டிய மாதம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். வேலை செய்வது பிறகு. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதம் உங்கள் வீடு தன் குறைகளைத் தானே காட்டும். கோடையில் வரும் மேஸ்திரிக்கு அது தெரியாது.

நல்ல மழை ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்ததும் ஒரு சாக்பீஸ், ஒரு பென்சில், போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களின் ஓரத்தைப் போட்டோ எடுங்கள். தரை காயக் காயச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கீழே இறங்கி, வீட்டுக்குள் ஈரம் காக்கும் இடங்களின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் அந்தக் கோட்டைத் தாண்டினால் இன்னொரு கோடு. இந்தக் கோடுகள்தான் உங்கள் எஸ்டிமேட்டுக்கு அடிப்படை.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் காற்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடிக்கிறது. ஆகவே அந்த இரண்டு சுவர்களும்தான் அதிகம் நனையும். அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழாது. நனைவதில் முதலிடம், காய்வதில் கடைசி. பணம் குறைவாக இருந்தால் வடக்குச் சுவரிலிருந்து தொடங்குங்கள். தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குப் படும் முகப்புச் சுவர் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

படி 2: ஈரத்தின் ஊரைக் கண்டுபிடியுங்கள்

ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கறையின் வடிவம் நிறையச் சொல்லும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பட்டையாக, உப்பு பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்தால் அது ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். சீலிங்கும் சுவரும் சேரும் மூலையில் கறுப்பு படர்ந்தால் மாடியில் கைப்பிடிச் சுவரின் அடி மூலையைச் சந்தேகப்படுங்கள். ஜன்னலுக்கு மேலேயோ பக்கத்திலோ நனைந்தால் சன்ஷேட். சீலிங்கின் நடுவில் வட்டமாக வந்தால் நேர் மேலே ஏதாவது குழாயோ, டேங்க் ஸ்டாண்டின் காலோ, தேங்கும் பள்ளமோ இருக்கும். மழையே இல்லாத பங்குனியிலும் ஈரம் மாறாமல் இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, பாத்ரூம் குழாய். அதற்கு வெளிச்சுவரில் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டேங்க் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

சந்தேகம் தீராத இடத்தில் ஒன்றரை அடி சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலும் இதே சோதனை உதவும்.

படி 3: மாதக் கணக்கு

தை மாசியில் சுவர் காயட்டும். பூச்சு பொரிந்த இடங்களை அப்போதே கொத்திவிட்டால் செங்கல் திறந்து கிடந்து வேகமாகக் காயும். மாசி, பங்குனியில் மாடி வேலையும் கான்கிரீட் ஒட்டு வேலையும். வெயில் கடுமையாகிவிட்டால் புதுப் பூச்சு காய்ந்து வெடிக்கும், அதனால் சித்திரைக்குள் பூச்சு வேலையை முடிக்கப் பாருங்கள். புதுப் பூச்சு 28 நாளாவது ஆறிய பிறகுதான் பெயிண்ட். அப்படிக் கணக்குப் போட்டால் வைகாசி, ஆனியில் பெயிண்ட். ஆடிக்குப் பிறகு சாயங்கால இடி மழை எப்போது வேண்டுமானாலும் வரும். புரட்டாசியில் அவசர அவசரமாகச் சாரம் கட்டுவது நான் செய்த தவறு.

படி 4: மொட்டை மாடி

பட்ஜெட்டின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய அந்தப் பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அதாவது அந்த ஒரு மாடி மேல் மட்டும் 45,000 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட நான்கு பெரிய தண்ணீர் லாரி. அத்தனையும் ஒரே ஒரு நான்கு அங்குலக் குழாய் வழியாக இறங்க வேண்டும், அதன் வாயில் ஒரு வேப்பிலைக் கொத்து அடைத்திருக்கிறது என்றால் மாடி குளமாகாமல் என்ன ஆகும்? 1,000 சதுர அடிக்குக் குறைந்தது இரண்டு நான்கு அங்குலக் குழாய் வையுங்கள், எதிரெதிர் மூலைகளில். ஒன்று அடைத்தாலும் மற்றது காப்பாற்றும்.

அடுத்து வாட்டம். குழாய் வாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றேகால் முதல் இரண்டு அங்குலம் வரை தளம் இறங்க வேண்டும். நீங்கள் சாக்பீஸால் போட்ட வட்டங்கள் எங்கே வாட்டம் கெட்டிருக்கிறது என்பதைக் காட்டிவிடும். பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போட்டு வாட்டம் சரிசெய்கிறேன் என்று சொல்வார்கள். ஏற்கெனவே செங்கல் ஜல்லித் தளம், தட்டோடு (மாடியில் பதிக்கும் தட்டையான ஓடு), அதன்மேல் ஒரு சிமெண்ட் பூச்சு என்று சுமை ஏறியிருக்கும் வீட்டில் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எடை கூடுகிறது, அடியில் சிக்கிய ஈரமும் வெளியேறாது. அடியில் ஒட்டு விட்டுப் பொக்கையாகிவிட்ட தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுச் செய்வதுதான் சரி.

எது பொக்கை என்று எப்படித் தெரியும்? எங்கள் மாடியில் வேலை செய்த மேஸ்திரி ஒரு பழைய இரும்புக் கம்பியின் முனையால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே குனிந்து நடந்தார். கெட்டியாக ஒட்டியிருந்த ஓடு "டங்" என்றது. சில இடங்களில் "டொப்" என்று அமுங்கிய சத்தம். அந்த ஓடுகளில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்து, "சார், குறியெல்லாம் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். முக்கால்வாசி வடக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டியே இருந்தன. கீழே படுக்கை அறையில் நான் பென்சில் கோடு போட்ட மூலைக்கு நேர் மேலே.

வேலையின் வரிசை இது. தளர்ந்ததை எடுத்துவிட்டு இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசலை ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டித் திறந்து, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் ஒரு வெயிலுக்குத் திரும்பத் திறந்துகொள்ளும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் செங்குத்து முக்கில் கலவையைச் சரிவாக அணைத்துப் பூச வேண்டும். வெயிலில் விரியும் தளமும் அசையாத சுவரும் சந்திக்கும் இடம் அது; வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். அப்புறம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், இரண்டு கோட்டு. முதல் கோட்டு கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது தெற்கு வடக்காக. முக்குகளில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஃபைபர் வலை. கோட்டிங் கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற வேண்டும், குழாய் வாய்க்குள்ளும் இறங்க வேண்டும். குழாய் வாயைச் சுற்றி விட்டுப்போகும் அந்த விரலகல இடைவெளியில்தான் பாதி வீடுகள் ஒழுகுகின்றன. நடு வெயிலில் அடிக்க விடாதீர்கள், சூடான தளத்திலிருந்து எழும் ஆவி கோட்டிங்கைக் குமிழியாக்கும்.

பிறகு தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். குழாய் வாய்களைச் சாக்கு அடைத்து மூடி, மாடியில் உயரமான இடத்திலும் ஓர் அங்குலம் நிற்கும்படி தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஒவ்வோர் அறையின் சீலிங்கையும் காலை மாலை பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் மேலே பாதுகாப்புப் பூச்சோ ஓடோ பதிக்கலாம். வெள்ளை ஓடு வைத்தால் கீழ் அறை சூடும் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று. 2024-ல் மத்திய அரசின் மானியத் திட்டம் வந்ததிலிருந்து பல வீடுகளில் சோலார் ஏறுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வாட்டர்ப்ரூஃப் முடிந்த தளத்தில் டிரில் போட்டு ஸ்டாண்ட் கால்களை போல்ட் அடித்தால் செய்ததெல்லாம் போச்சு. மாடி வேலையை முதலில் முடியுங்கள்; தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் கால்களை நிறுத்தித் தரச் சொல்லுங்கள். புயல் காற்றுக்குத் தாங்கும் அளவுக்கு அந்தக் கட்டைகளின் எடை இருக்கிறதா என்று நிறுவுகிறவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். செடித் தொட்டிகளையும் ஸ்டாண்டின் மேல் ஏற்றி வையுங்கள்.

படி 5: கைப்பிடிச் சுவர், சன்ஷேட், ஜன்னல்

கைப்பிடிச் சுவரின் தலை மாடியைப் பார்த்துச் சரிய வேண்டும். வெளியே பார்த்துச் சரிந்தால் தூசியும் பாசியும் கரைந்து வெளிச்சுவரில் கறுப்புக் கோடு கோடாக இறங்கும். உட்பக்கம் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருந்தால் அதையும் பூசிவிடுங்கள்.

சன்ஷேட்டின் மேல்பக்கம் வெளியே சரிய வேண்டும், சுவரோடு சேரும் இடத்தில் மாடி முக்கைப் போலவே அணைப்பு வேண்டும். அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, ஒரு பள்ளக் கோடு இருக்கிறதா பாருங்கள். விளிம்பில் வழியும் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவரைத் தொடாமல், அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும். பூச்சு வேலை நடக்கும்போது ஒரு சின்னச் சட்டத்தை வைத்து எடுத்தால் கோடு விழுந்துவிடும். கூடுதல் செலவு கிடையாது. கேட்டால்தான் செய்வார்கள்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. அன்றைக்கு நனைந்த வீடுகளில் தண்ணீர் நுழைந்த வழி பெரும்பாலும் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வெளிப்பக்கம் புதிதாக வையுங்கள். யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவை தண்ணீர் வெளியேறுவதற்கு. பூச்சி வருகிறது என்று சிலிகான் வைத்து அடைத்துவிட்டால் தண்ணீர் அறைக்குள் வழியும்.

ஏசி குழாய்க்கும் இன்டர்நெட் கேபிளுக்கும் போட்ட துளைகள் வெளிப்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

படி 6: விரிசலும் துருவும்

முடி போன்ற விரிசல் பெயிண்ட் வேலையோடு சரியாகும். வளரும் விரிசல் வேறு. அதன் இரு முனையிலும் பென்சிலால் தேதி போட்டு இரண்டு மாதம் பாருங்கள். நீண்டாலோ அகன்றாலோ, அல்லது செங்கல் படிபோல் சாய்வாக இறங்கினாலோ, மேஸ்திரியை விட்டுவிட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக வரும் விரிசலுக்கு, பூச்சைக் கொத்தி எடுத்துக் கோழிவலை அடித்துத் திரும்பப் பூசினால் போதும்.

கடலோரத்தில் பெரிய கவலை கம்பி. உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து விழும். சன்ஷேட் அடியில் பழுப்புக் கோடு தெரிந்தால் அதற்குக் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் கட்ட வேண்டும். கம்பி மெலிந்து போயிருந்தால் எஞ்சினியரைக் கேட்காமல் மூடக் கூடாது. துருவின் மேலேயே சிமெண்ட் அப்புவது ஆபத்தை மறைப்பது.

பூச்சுக் கலவைக்கும், பூச்சை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கும் உப்பு போர்வெல் தண்ணீர் வேண்டாம். தண்ணீரோடு கலந்து போன உப்புதான் பிறகு சுவரில் பூக்கிறது. புதுப் பூச்சைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருங்கள்.

படி 7: சுவரின் அடி

ஒவ்வொரு முறையும் ரோடு போடும்போது தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. அதை ஈடுகட்ட வாசலிலும் பக்கச் சந்திலும் மண்ணைக் கொட்டி உயர்த்துகிறோம். அந்த மண் பேஸ்மெண்ட் மட்டத்தைத் தாண்டிவிட்டால், ஈரம் ஏறாமலிருக்கக் கட்டும்போது போட்ட தடுப்புக்கு மேலேயே ஓதம் சுவருக்குள் நுழைந்துவிடும். சுவரை ஒட்டிய மண்ணைக் குறைந்தது அரை அடி இறக்கிவிட்டு, வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று அடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போடுங்கள், வாட்டம் வெளியே பார்த்து. சுவரோரப் பூந்தோட்டத்தைத் தள்ளி வையுங்கள். மாடிக் குழாய் சுவரடியில் கொட்டாமல் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து அது கட்டாயம், பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. தூர்வாரிவிட்டு இணையுங்கள்.

ஓதம் ஏறிய சுவரின் அடியில் டைல்ஸ் ஒட்டி மறைக்க வேண்டாம். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே இன்னும் உயரமாக ஏறும். எங்கள் சித்தி வீட்டில் மூன்று அடிக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். இரண்டே மழையில் நான்கரை அடியில் உப்பு பூத்தது.

படி 8: பெயிண்ட்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மேலே உள்ளதெல்லாம் நடந்திருந்தால். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பாசியை பிளீச்சிங் கரைசலால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் சோதனை, பிறகு வெளிச்சுவர் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட்டு பெயிண்ட். உள் அறைக்கான புட்டியை வெளியே தேய்க்க விடாதீர்கள், மழையில் மாவாகக் கரையும். வெளிவேலை முடிந்ததும் உள்பக்க ஈரச் சுவரையும் உடனே பூசி மூடாமல் இரண்டு மூன்று மாதம் காய விடுங்கள்.

ஆளும் பணமும்

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள், உங்கள் போட்டோக்களையும் பென்சில் கோடுகளையும் காட்டி. "மொத்தமா இவ்வளவு" என்று சொல்பவரிடம் இடவாரியாகச் சதுர அடி, எத்தனை கோட்டு, எந்தப் பொருள் என்று எழுதி வாங்குங்கள். கோட்டிங் வாளியின் மேல் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கும். உங்கள் மாடியின் அளவை அதனால் வகுத்தால் எத்தனை லிட்டர், அதிலிருந்து எத்தனை வாளி ஆக வேண்டும் என்று தெரிந்துவிடும். சீல் உடைக்காத வாளி வீட்டுக்கு வர வேண்டும், காலி வாளி கணக்கு முடியும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாரம் கட்டும்போது மின்கம்பி எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று நீங்களே பாருங்கள். பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு ஒரு தவணை, பூச்சுக்குப் பிறகு ஒன்று, பெயிண்ட் முடிந்ததும் ஒன்று. பத்து சதவீதத்தை மட்டும் கார்த்திகை மழை வரை நிறுத்தி வையுங்கள், முதலிலேயே பேசி, எழுதி. எங்கள் மேஸ்திரி இதற்குச் சம்மதித்தார். அந்த வருடம் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை அவரே வந்து நின்றார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, நேராக வடக்கு அறைக்குப் போய் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. சுவர் காய்ந்திருந்தது. டீ குடித்துவிட்டு மாடிக்கு ஏறி, குழாய் வாயில் சிக்கியிருந்த வேப்பிலையை அள்ளிப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.